மலை ஊரில் வீடு விழுந்தால் சென்னையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? அடிக்கடி வரும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நம் கடிகாரத்தில் காலை 11.41. நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், பார்பாக் என்ற மலைக்கிராமத்தின் பக்கம் 7.8 அளவில் பூமி ஆடியது. மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலுக்கு இருந்த தம்பி அந்த நாட்டுக்காரர். ஏழு வருடமாக நாங்கள் அவரைக் 'கூர்க்கா' என்றுதான் கூப்பிட்டோம். டிவியில் கோர்க்கா மாவட்டம் என்று வந்தபோதுதான் அது ஒரு ஊரின் பெயர் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. அவரோ கோர்க்காவே இல்லை, சிந்துபால்சோக் மாவட்டம். அன்று மதியம் முழுக்க கேட் பக்கத்தில் நின்று ஒரே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. அம்மா இருக்கிறார், வீடு இல்லை, எருமை இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தோம். பன்னிரண்டு குடும்பங்கள், ஒரு ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர், ஒரு வங்கி ஊழியர். பதிவு செய்த அமைப்பெல்லாம் இல்லை. 62 வீடுகள் உள்ள அந்தத் தம்பியின் ஊர் ஒன்றோடு மட்டும் மூன்று வருடம் இருந்தோம். எங்காவது பூமி ஆடினால் இப்போதும் எங்களுக்குப் போன் வருகிறது, பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

செய்தி வந்ததும் கிளம்பிப் போய் உதவலாமா?

முதல் இரண்டு வாரம் வேண்டாம். இடிபாட்டிலிருந்து ஆளை எடுப்பது முதல் சில மணி நேரத்து வேலை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்வார், கடப்பாரையும் கையுமாக. நீங்கள் போய்ச்சேரும்போது அது முடிந்திருக்கும். மிச்சமிருப்பதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம் அரக்கோணத்திலேயே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முகாம் ஒன்று உண்டு.

காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதைதான். வந்து குவிந்த பெரிய விமானங்களின் எடை தாங்காமல், மே 3-ஆம் தேதி பெரிய ஜெட் விமானங்கள் இறங்குவதையே நிறுத்தவேண்டியதாகிவிட்டது. அந்தச் சமயத்தில் நீங்களும் போய் இறங்கினால் ஒரு படுக்கை, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு ஜீப் சீட் ஊர்க்காரருக்குக் குறையும்.

இன்னொன்று, பூமி ஒரு தடவை ஆடி நிற்பதில்லை. மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி ஆடியது. ஏப்ரலில் விரிசலோடு நின்ற வீடுகள் அன்று விழுந்தன.

பழைய துணி, போர்வை வாங்குவீர்களா?

வாங்க மாட்டோம். இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் வாடிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

2004 சுனாமி முடிந்த சில வாரங்களில் நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சாலையோரத்தில் துணி மலை மலையாகக் கிடந்தது. எடுக்க ஆளில்லை. மழையில் நனைந்து, நாறி, கடைசியில் அதை அப்புறப்படுத்துவதே நிவாரண வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இவ்வளவும் தெரிந்திருந்தும் 2015-ல் நாங்கள் அதே தப்பைச் செய்தோம். வாட்ஸ்அப்பில் 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று ஒரு வரி போட்டோம். இரண்டே நாளில் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. மொத்தம் 41 மூட்டை.

பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் நைட்டி. ஜரிகை வைத்த கல்யாண ரவிக்கை ஒன்று. இடது கால் ஷூ மட்டும் மூன்று. பாதி தீர்ந்த பவுடர் டப்பா. பேட்ஜோடு ஒரு பள்ளிச் சீருடை, அதன் பையில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கு வினாத்தாள். ஒன்பது பேர் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்ததில் மலைக்குளிருக்கு ஆகும் என்று தேறியது மூன்று மூட்டை. அதை நேபாள எல்லைப்பக்கம் உள்ள கோரக்பூர்வரை அனுப்பக் கேட்ட லாரி வாடகையில் ஏழு குடும்பத்துக்குக் கூரைத் தகரம் வாங்கலாம் என்று வங்கிக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார். அத்தோடு நிறுத்திக்கொண்டோம். துணி தாம்பரத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கும், மிச்சம் பழைய துணிக் கடைக்கும் போனது.

போர்வை தேவைதான். அதை அங்கேயே வாங்கலாம். காத்மாண்டில் கடை இருக்கிறது, கடைக்காரருக்கும் பிழைப்பு வேண்டும்.

அப்படியானால் முதல் மாதம் என்னதான் வேண்டும்?

தலைக்கு மேல் ஏதாவது ஒன்று. முதலில் தார்ப்பாய். நிவாரணத்தில் வழக்கமான அளவு 4 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 13-க்கு 20 அடி. ஒரு குடும்பம் படுக்கலாம், நிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீட்டராவது மூடிய இடம், நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று உலக அளவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டால் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு பாய் என்பது சரியாக வரும்.

அப்புறம் தகரம். நெளிநெளியான ஷீட். அங்கே அதற்குப் பெயர் ஜஸ்தா. ஜூன் நடுவில் அங்கே பருவமழை பிடித்துவிடும். ஏப்ரல் 25-லிருந்து எண்ணினால் ஏழே வாரம். அதற்குள் 62 வீட்டுக்கும் தகரக் கொட்டகை. வேறு எந்த யோசனை வந்தாலும் அந்த ஏழு வாரமும் நாங்கள் தள்ளிவைத்தோம்.

தகரத்தின்மேல் எங்களுக்கு இவ்வளவு பிரியம் வரக் காரணம் இருக்கிறது. பாலிதீன் கூடாரம் ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு குப்பை. தகரம் இன்று மூங்கில் கொட்டகையின் கூரை, நாளை நிரந்தர வீட்டின் கூரை, அதற்கும் பிறகு ஆட்டுப்பட்டியின் கூரை. கொடுத்துவிட்டு வந்தால் போதும், எதற்குப் பயன்படுத்துவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 26 கேஜ் வாங்குங்கள். மெலிசாக வாங்கினால் முதல் காற்றிலேயே பறக்கும். ரப்பர் வாஷரோடு ஆணியும் சேர்த்து வாங்குங்கள். நாங்கள் முதல் லோடில் ஆணியை மறந்தோம். ஊர்க்காரர்கள் தகரத்தின்மேல் கல்லை வைத்தார்கள். பூமி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் கல்!

மூன்றாவது யாருக்கும் தோன்றாதது: விதை. மலை வீடுகளில் தானியமும் விதையும் மாடியில் இருக்கும். வீடு விழுந்தால் விதையும் மண்ணுக்குள் போகும். ஜூன், ஜூலையில் நெல் நடவு. அப்போது நாற்று இல்லையென்றால் அடுத்த வருடம் முழுக்கப் பட்டினி. விதைநெல்லையும் கேழ்வரகையும் பக்கத்து மாவட்டத்தில், அதே உயரத்தில் விளைந்ததாகப் பார்த்து வாங்கவேண்டும். நம் செங்கல்பட்டு விதை அங்கே முளைக்குமா என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். வேண்டாம் ஐயா.

அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் சொல்லவே வேண்டாம். நூடுல்ஸ் பாக்கெட் மட்டும் அனுப்பாதீர்கள். அது எல்லோருமே அனுப்புவது.

இடிபாட்டை ஜேசிபி வைத்து வாரிவிட்டால் வேலை சீக்கிரம் முடியாதா?

முடியும். கூடவே வீடு கட்டும் சாமானும் போய்விடும். அந்தக் கல், அந்த வாசல்கால், அந்த உத்தரம் எல்லாமே பழைய வீட்டுச் சொத்து. தாத்தா காலத்துச் சால் மரம் இன்று வாங்க முடியாத விலை. கையுறை, கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி கொடுங்கள். கல்லைத் தனியாக, மரத்தைத் தனியாக அவர்களே அடுக்கிவிடுவார்கள். அந்த வேலைக்குத் தினக்கூலி கொடுத்தால் இன்னும் நல்லது. அறுவடை போன வருடத்தில் கையில் கொஞ்சம் காசு புரளும்.

பணம் எப்படி அனுப்புவது?

இந்தியா–நேபாளம் பணம் அனுப்பும் வசதி என்று ரிசர்வ் வங்கி 2008 முதல் ஒன்று வைத்திருக்கிறது. நெஃப்ட் வசதி உள்ள வங்கிக் கிளையிலிருந்து அனுப்பலாம், அங்கே நேபாள ரூபாயாகப் போய்ச்சேரும். நாங்கள் அனுப்பிய காலத்தில் ஒரு தடவைக்கு 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2021-ல் அதை 2 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடையது 1.60, இது நிலையான விகிதம். பேப்பரில் நேபாளத் தொகையைப் பார்த்தால் 1.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் காசு போட விரும்பினால் எங்களிடம் தர வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அதற்கு வேறு விதிகள் உண்டு. அங்கே பதிவு பெற்ற அமைப்புக்கு நேரே அனுப்பட்டும்.

கணக்கு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஊரில் மூன்று பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வைத்தோம். மூவரில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்றோம். ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருந்ததால் அது கஷ்டமாகவே இல்லை.

அரசாங்கம் கொடுக்காதா? நாம் எதற்கு?

கொடுத்தது. அந்தப் பூகம்பத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். சிந்துபால்சோக்கில் மட்டும் 3,500-க்கு மேல். ஐந்து லட்சம் வீடுகள் அடியோடு போயின. 2015 கடைசியில் மறுகட்டுமானத்துக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தார்கள். வீடு இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய், நம் பணத்தில் 1,87,500. ஒரேயடியாகக் கிடையாது. முதலில் 50,000, அடித்தளம் போட்டதை வந்து பார்த்துவிட்டு 1,50,000, சுவர் எழும்பியதும் மிச்சம் ஒரு லட்சம். பூகம்பத்தைத் தாங்கும்படி கட்டினால்தான் அடுத்த தவணை. மாதிரிக்கு 17 வீட்டு வரைபடங்களை ஒரு புத்தகமாகவும் போட்டார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணத்தை வாங்க நிலப்பட்டா வேண்டும், குடியுரிமை அட்டை வேண்டும். இரண்டும் இடிபாட்டுக்கு அடியில். பட்டாவுக்கு அங்கே லால்பூர்ஜா என்று பெயர். செத்துப்போன மாமனார் பெயரில் பட்டா இருக்கும் விதவைக்கு யார் தவணை கொடுப்பார்கள்? எங்கள் செலவிலேயே அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் தகரம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது பஸ் கட்டணம். மாவட்டத் தலைநகர் சௌதாராவுக்கு ஆறு தடவை போய்வர, நகல் எடுக்க, ஒரு நாள் கூலி விட்டுப்போனதற்கு ஈடாகக் கொடுக்க. 17 குடும்பத்துக்குப் பேப்பர் சரிசெய்ய ஆன செலவு, ஒரு வீடு கட்டும் செலவில் கால்வாசிகூட இல்லை. அதனால் அந்த 17 குடும்பமும் மூன்று லட்சம் மூன்று லட்சமாக வாங்கின.

நம் ஊரில் தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கல் வீடுதானே உறுதி? ஏன் அப்படிப் பொலபொலவென்று விழுந்தது?

எங்கள் இன்ஜினியருக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவர் செய்து காட்டியதையே சொல்கிறோம்.

கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவைத் தரையில் கிடத்தினார். அதன்மேல் முஷ்டி அளவுக் கற்களை ஈரமண் தடவி இரண்டு வரிசையாக அடுக்கினார். நடுவில் ஒரு சாண் இடைவெளி, அதில் சில்லும் மண்ணும் போட்டு நிரப்பினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். உண்மையில் இரண்டு மெல்லிய சுவர், நடுவில் குப்பை. மலை ஊர் வீடு முக்கால்வாசி இப்படித்தான். இரண்டு பையன்களைக் கூப்பிட்டுக் கதவின் இரண்டு முனையையும் பிடித்து ஆட்டச் சொன்னார். நாலாவது ஆட்டத்தில் நடுவிலிருந்த சில்லு கீழே இறங்கியது. நெல் அதிகமாக அடைத்த கோணி பிதுங்குவதுபோல இரண்டு பக்கமும் வயிறு தள்ளியது. ஆறாவதில் சரிந்தது. வேடிக்கை பார்த்த ஒரு கிழவி எழுந்து போய்விட்டார். அவர் வீடு அப்படித்தான் விழுந்ததாம்.

மறுபடி அடுக்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு முழ உயரத்துக்கும் ஒரு நீளக்கல். சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை குறுக்கே போகும்படி. பையன்கள் ஆட்டினார்கள், சில கற்கள் உதிர்ந்தன, சுவர் நின்றது. ஊர்க் கொத்தனார் ஒருவர் கிட்டே வந்து அந்தக் கல்லின் தலையை விரலால் தட்டிப் பார்த்தார். 'எங்க தாத்தா இப்படி வைப்பார். எங்களுக்குக் கூலி சதுர அடிக்கு. நீளக்கல் தேட நேரம் ஏது?' என்றார். பிரச்சினை முழுதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நிஜ வீட்டுக்கு என்ன அளவு? மண்சாந்தில் கட்டும் கல்சுவருக்கு இந்தியத் தர விதி 13828 என்று ஒன்று உண்டு. இரண்டு அடி உயரத்துக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் நான்கு அடிக்கு மிகாமல் ஒரு நீளக்கல். கல் கிடைக்காவிட்டால் மரக்கட்டை. அடுத்தது பட்டை: அடித்தள மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில், கூரைக்குக் கீழே, வீட்டைச் சுற்றி ஓடும் மரப்பட்டையோ கம்பி போட்ட கான்கிரீட் பட்டையோ. ஓலைப்பெட்டிக்கு விளிம்பு கட்டுகிற மாதிரி. மூலையில் விட்டுப்போகக் கூடாது. ஜன்னல் மூலையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கவேண்டும். கூரைக்குக் கீழே முக்கோணமாக நிற்கும் சுவரைக் கல்லில் கட்டக் கூடாது, தகரமோ பலகையோ அடித்துவிடலாம். ஆடும்போது முதலில் விழுவது அதுதான், விழுவதும் படுத்திருப்பவர்மேல்.

பூமி எவ்வளவு ஆடியது என்பதைவிட வீடு எப்படி இருந்தது, ஆடியபோது மணி என்ன என்பதே பல நேரம் கணக்கு. 2015-ல் சனிக்கிழமை நண்பகல், பள்ளி விடுமுறை, பலர் வயலில். இல்லாவிட்டால் சாவு பல மடங்காகியிருக்கும். 2023 நவம்பர் 3-ல் நேபாளத்தின் மேற்கே ஜாஜர்கோட்டில் ஆடியது அமெரிக்கப் புவியியல் ஆய்வகக் கணக்கில் 5.7 மட்டுமே. ஆனால் நள்ளிரவு நெருங்கும் நேரம், அதே கல்லும் மண்ணும். 150 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பேசாமல் நல்ல கான்கிரீட் வீடாகக் கட்டிக் கொடுத்துவிடலாமே?

கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஊருக்கு ஜீப் பாதை முடிந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேர ஏற்றம். சிமென்ட் மூட்டை கோவேறு கழுதைமேல் போகும், மணலும் கம்பியும் அப்படியே. கான்கிரீட் இறுக ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றவேண்டும். குடிக்கவே வரிசை நிற்கும் ஊரில் யார் ஊற்றுவார்கள்? தண்ணீர் காட்டாத கான்கிரீட், ஒல்லிக் கம்பி, பழக்கமில்லாத கொத்தனார் மூன்றும் சேர்ந்தால் கல் வீட்டைவிட மோசம். விழுந்தால் கையால் தூக்க முடியாது.

அதோடு பழைய முறைகளைக் கேவலமாக நினைக்கவேண்டாம். உத்தராகண்டில் உத்தரகாசிப் பக்கம் கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பல மாடி உயரம் கட்டிய பழைய வீடுகள் இன்றும் நிற்கின்றன. காஷ்மீரில் மரச்சட்டம் போட்டு இடையில் சின்னக் கற்களை மண்ணோடு அடைக்கும் 'தஜ்ஜி தேவாரி' முறை உண்டு. 2005 அக்டோபர் 8 பூகம்பத்தில் அந்த வீடுகள் பல தாக்குப்பிடித்ததைப் பார்த்துவிட்டு, பாகிஸ்தான் பக்கத்தில் மறுகட்டுமானத்துக்கு அந்த முறையையே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள்.

நாங்கள் இருந்த அந்த மலை ஊரில் கடைசியில் 54 வீடு கல்லும் மண்ணும்தான், பட்டையோடும் நீளக்கல்லோடும். ஒரே தளம், மேலே தானியம் வைக்கப் பலகைப் பரண். வரைபடத்தில் பரண் இல்லை. பெண்கள் விடவில்லை, 'சோளத்தை எங்கே காயவைப்பது?' என்றார்கள். சரி என்று இன்ஜினியர் எடையைக் கணக்குப் போட்டுச் சேர்த்தார்.

நான் சிவில் இன்ஜினியர். லீவ் போட்டு வரட்டுமா?

வாருங்கள், ஆனால் ஐந்து நாளுக்கு வராதீர்கள். மூன்று வாரமாவது வேண்டும். நீங்கள் வீடு கட்டப் போவதில்லை, கொத்தனாரோடு உட்காரப் போகிறீர்கள். எங்கள் பயிற்சியில் ஊருக்கே ஒரு மாதிரி வீடு, அதுவும் கணவரை இழந்த ஒரு அக்காவின் வீடு. பதினொரு கொத்தனார்கள் அதில் வேலை பழகினார்கள். பயிற்சி நாளுக்கும் முழுக்கூலி கொடுத்தோம். கூலி இல்லாத பயிற்சிக்கு இரண்டாம் நாள் யாரும் வரமாட்டார்கள், அது அவர்கள் குற்றமில்லை. பதினொருவரில் மூன்று பேர் பெண்கள். முதலில் சித்தாளாகவே நினைத்தார்கள், அடுத்த வருடம் அவர்களைத் தேடிப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது.

கிளம்புமுன் விஷயம் தெரிந்தவர்களிடம் பேசிவிடுங்கள். நம் தரமணியிலேயே கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் அதிர்வு மேடை வைத்துக் கட்டுமானங்களை ஆட்டிப் பார்க்கிறார்கள்.

அந்த இடமே ஆபத்து. ஊரை வேறு எங்காவது மாற்றக்கூடாதா?

சில வீடுகளை மாற்றத்தான் வேண்டும். பூகம்பம் மலையைத் தளர்த்திவிடும், அடுத்த மழை இறக்கிவிடும். சிந்துபால்சோக்குக்கு அது புதிதில்லை. பூகம்பத்துக்கு முந்தைய வருடம், 2014 ஆகஸ்ட் 2-ல், ஜூரே என்ற இடத்தில் மலை சரிந்து சுன்கோசி ஆற்றையே மறித்தது, 156 பேர் போனார்கள்.

ஊருக்கு மேலே சரிவில் நடந்து பாருங்கள். பிறைபோல வளைந்த விரிசல் இருக்கிறதா? மரம் சாய்ந்திருக்கிறதா? புதிதாக எங்காவது நீர் கசிகிறதா? விரிசலைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, மழைநீர் அதற்குள் போகாமல் வாய்க்கால் வெட்டவேண்டும். விரிசலின் இரண்டு பக்கமும் முளை அடித்துக் கயிறு கட்டி ஒரு பையனிடம் ஒப்படைத்தோம். வாரம் ஒருமுறை அளந்து போனில் சொல்வான். ஜூலையில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த ஐந்து குடும்பம் அன்றே இடம் மாறியது.

மற்ற 57 குடும்பமும் போகவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. வயல் அங்கே, ஊற்று அங்கே, குலசாமி அங்கே. ஊற்று என்றதும் ஞாபகம் வருகிறது. பூகம்பத்துக்குப் பிறகு பழைய ஊற்று வற்றி, கால் மணி நேரம் கீழே புதிதாக ஒன்று கிளம்பியது. இது மலைகளில் நடப்பதுதான். வீடு கட்டுவதற்கு முன்பே குழாய்க்குச் செலவழிக்க வேண்டியிருந்தது.

அனாதையான குழந்தைகளைச் சென்னைக்கு அழைத்துவந்து படிக்கவைக்க ஒருவர் தயாராக இருக்கிறார்…

இல்லை. யார் கேட்டாலும் இல்லை. பூகம்பத்துக்குப் பின்னால் மலை ஊர்களுக்கு முதலில் வருகிற ஆட்களில் பிள்ளை பிடிப்பவர்களும் உண்டு. 'படிக்கவைக்கிறேன், வேலை வாங்கித் தருகிறேன்' என்றுதான் அவர்களும் சொல்வார்கள். பெற்றோர் துணையில்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டுக் கூட்டிப்போக நேபாள அரசே தடை போட்டது. அந்த நல்ல மனிதர் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுக்கட்டும். மே 31-லேயே அங்கே பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள், மூங்கில் கொட்டகையில்.

கொடுக்கும்போது சண்டை வராதா?

வரும். எங்கள் தப்பால் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த பட்டியலில் 53 பெயர். அதை அப்படியே நம்பினோம். தகரம் இறங்கிய அன்று சாயங்காலம் மேலே நின்று பார்த்தபோது புகை அதிகமாகத் தெரிந்தது. கூட வந்திருந்த கல்லூரிப் பெண் அடுப்புகளை எண்ணினாள், 62. விட்டுப்போன ஒன்பதும் கீழ்ச்சரிவில் தனியாக இருந்த தையல்கார, கொல்லர் சாதி வீடுகள். நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா?

மறுநாள் எல்லாரையும் மைதானத்தில் உட்காரவைத்துப் பட்டியலைச் சத்தமாக வாசித்தோம், 62 பெயரும். எல்லோருக்கும் சம அளவு தகரம். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் வாசித்துத்தான் கொடுத்தோம். முணுமுணுப்பு இருந்தது. சில பெரியவர்கள் அந்த வருடம் முழுக்க எங்களோடு டீ குடிக்கவில்லை.

எத்தனை நாள் இதில் இருக்கவேண்டும்?

இரண்டு குளிர்காலம். அதற்குக் குறைந்து கணக்குப் போடாதீர்கள். செய்தி மூன்று வாரத்தில் போய்விடும், பணம் ஆறு மாதத்தில் வற்றிவிடும், வீடு அதற்குப் பிறகுதான் கட்டத் தொடங்கும். எங்களுக்கும் அப்படித்தான். செப்டம்பரிலிருந்து எல்லை வழியாகச் சரக்குப் போவது மாதக்கணக்கில் முடங்கியது. டீசல் இல்லை, கேஸ் இல்லை, கம்பி விலை ஏறியது. அந்த நேரம் பார்த்து டிசம்பர் முதல் தேதி இங்கே வெள்ளம். மடிப்பாக்கத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த ரசீதுப் புத்தகங்களும் போயின.

நான்காம் நாள் கரண்ட் வந்து போனை உயிர்ப்பித்தபோது அந்த ஊர் நம்பரிலிருந்து பதினாறு மிஸ்டு கால். கூப்பிட்டால், 'தாஇ, சாப்பிட்டீர்களா? வீடு நிற்கிறதா?' நேபாளியில் அண்ணனை 'தாஇ' என்பார்கள். நம் காதுக்குத் தாய் என்று விழும். எங்கள் செயலாளர் அறுபது வயது ஆண், மூன்று வருடமும் அவர் ஊருக்குத் தாயாகவே இருந்தார்.

போவது எப்படி?

சென்னை வழியாகக் கோரக்பூர் போகும் ராப்திசாகர் ரயில், பிறகு பஸ்ஸில் சுனௌலி எல்லை, அங்கிருந்து காத்மாண்டு. விசா வேண்டாம், பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மழைக்காலத்தில் மலைப்பாதைக்கு இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் எடுத்துப்போங்கள், நமக்கு இல்லை, அவர்களுக்குப் பிடிக்கிறது.

சென்னையில் இப்படி ஆடுமா?

இமயமலை மாதிரி இல்லை. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது, இங்கே பலர் வீதிக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் சென்னையை நிலநடுக்க மண்டலம் 2-லிருந்து 3-க்கு மாற்றினார்கள், எண் கூடினால் ஆபத்தும் கூடுதல். கீழே கார் நிறுத்த வெறும் தூண், மேலே நாலு மாடி என்று நிற்கும் கட்டடங்களைப் பற்றி எங்கள் இன்ஜினியர் ஒரு மணி நேரம் பேசுவார். அவர் குடியிருப்பதும் அப்படி ஒன்றில்தான்.

அந்தக் காவலாளி தம்பி இப்போது எங்கே?

ஊரில். 2016-ல் பயிற்சிக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. இப்போது கொத்தனார், பக்கத்து ஊர்களிலும் வேலை. எங்கள் கேட்டில் இப்போது பீகார்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். போன மாதம் வீடியோ கால் போட்டுத் தம்பி வீட்டைச் சுற்றிக் காட்டினார். புதுக் கூரைக்கு நீல ஷீட் வாங்கிப் போட்டிருக்கிறார். நாங்கள் 2015-ல் கொடுத்த தகரம் என்னவாயிற்று என்று கேட்டோம். போனைத் திருப்பினார். ஆட்டுப்பட்டிக்கு மேலே, துருப்பிடித்து, இன்னும் ஓட்டையில்லாமல் கிடந்தது. அதில் பாதியைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் போடப்போவதாகச் சொன்னார்.